வயிற்றைப் பற்றியும் பேசுவோம்

மனச்சிதைவு, இருதுருவ மனநோய் ஆகியவற்றுக்கு மருந்து உட்கொள்வோரிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்டால் விவரமாகச் சொல்கிறார்கள். காதில் ஒலிக்கும் குரல்களைப் பற்றியும் மனத்தை வாட்டும் சந்தேகங்களைப் பற்றியும் நாளடைவில் பேசத் தொடங்குகிறார்கள். மலம் ஒழுங்காகக் கழிகிறதா என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது. "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்பதோடு விடை முடிகிறது. உடன் வந்த தாயோ மனைவியோ முகத்தைத் திருப்பிக்கொள்வதும் உண்டு.

இந்தக் கூச்சத்தைப் பற்றியே இவ்விதழில் எழுத விரும்புகிறோம். மனநோய்க்கான மருந்தை உட்கொள்ளும் ஒருவருடைய மலம் கழிதலைப் பற்றிய கேள்வி, அவருடைய தூக்கத்தைப் பற்றிய கேள்விக்குச் சற்றும் குறைந்ததன்று என்பது எங்கள் கருத்து. ஒவ்வொரு வருகையிலும் அது கேட்கப்பட வேண்டும். வீட்டில் அது குறித்துவைக்கப்பட வேண்டும். கூச்சமின்றி அது சொல்லப்பட வேண்டும்.

இக்கேள்வி சொல்லப்படாமல் போவதால் இரண்டு வகையான இழப்புகள் நேர்கின்றன. வயிற்று உபாதை தாங்காமல் நோயாளர் எவரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவது ஒன்று. சில வாரங்கள் நன்றாகவே கழியும். பின்னர் நோய் திரும்பி வரும்போது, ஏன் வந்தது என்று வீட்டாருக்குப் புரியாது. மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டும், குடல் நாளுக்கு நாள் அசைவிழந்து, ஒருநாள் முற்றிலும் அடைபட்டு, உயிருக்கே ஆபத்தாகிவிடுவது மற்றொன்று. இரண்டாவது நிலை அரிதாகவே நேரும். ஆயினும் முன்கூட்டியே கவனித்தால் பெரும்பாலும் தடுக்கக்கூடியது என்பதால், அதைக் கவனியாது விடுவதற்கு நியாயம் இல்லை.

மருந்து வயிற்றில் என்ன செய்கிறது?

நம் குடல், உணவைத் தானே தள்ளிக்கொண்டு போகும் ஒரு தசைக்குழாய். அந்தத் தசைகளை அசையச் செய்யும் வேதிப்பொருள்களுள் முதன்மையானது அசிட்டைல்கோலின். மனநோய்க்கான மருந்துகளுள் சில, மூளையில் செய்ய வேண்டிய வேலையோடு நில்லாமல், இந்த வேதிப்பொருளின் வேலையையும் தடுத்துவிடுகின்றன. 1950களிலிருந்து பயன்பட்டு வரும் குளோர்புரோமசின், பின்னர் வந்த க்ளோசபின், ஒலான்சபின், குவெட்டியாபின் ஆகியவை இவ்வகையில் சேரும். குடலின் அசைவு மெதுவாகிறது. மலம் அதிக நேரம் உள்ளே தங்குகிறது. தங்கத் தங்க அதிலுள்ள நீர் உறிஞ்சப்பட்டு இறுகிவிடுகிறது. வாய் உலர்தல், வியர்வை குறைதல், சிறுநீர் தடைபடுதல் ஆகியவற்றுக்கும் காரணம் இதுவே.

இங்கே இன்னொரு மாத்திரையையும் குறிப்பிட வேண்டும். கைநடுக்கம், உடல் விறைப்பு ஆகியவற்றைத் தணிப்பதற்காக டிரைஹெக்சிபெனிடில் என்னும் மாத்திரை பலருக்கும் சேர்த்துத் தரப்படுகிறது. அந்த நடுக்கத்துக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் அதுவும் அசிட்டைல்கோலினைத் தடுப்பதன் வழியாகவே வேலை செய்வதால், மலச்சிக்கலை மேலும் கூட்டுகிறது. நடுக்கம் நின்று பல மாதங்கள் ஆன பின்னும் அம்மாத்திரை சீட்டில் தொடர்ந்தால், "இது இன்னும் தேவையா?" என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை. குறைப்பதா, நிறுத்துவதா என்பதை அவர் பார்த்து முடிவு செய்வார்.

மற்ற உபாதைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரிபிப்ரசோல் தொடங்கிய சில நாள்களுக்குக் குமட்டல் இருக்கக்கூடும். பெரும்பாலும் தானே தணிந்துவிடும். க்ளோசபின் உட்கொள்வோருக்கு இரவில் தலையணை நனையும் அளவுக்கு எச்சில் வடிவதுண்டு. ஒலான்சபினும் க்ளோசபினும் பசியைப் பெருக்குகின்றன. இரவு உணவு முடிந்த பிறகும் புரோட்டா, சால்னா, பேக்கரிப் பண்டங்கள் என்று தேடுவது பேராசையால் அன்று, மருந்தால் என்பதை வீட்டார் உணர வேண்டும். எடையையும் இரத்தச் சர்க்கரையையும் குறித்த காலத்தில் பார்த்துவரவும் வேண்டும். சிலருக்கு விழுங்குவது கடினமாகி, சாப்பிடும்போது புரையேறும். அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் உடனே தெரிவிக்க வேண்டும். இவை எல்லாவற்றிலும் வெளியே தெரியாமல் வளர்வது மலச்சிக்கலே. ஆதலால் அதைப் பற்றியே மேலும் சொல்கிறோம்.

இரத்தத்தைப் பார்ப்பது போலக் குடலையும்

மற்ற மருந்துகள் பயன் தராதபோது கொடுக்கப்படும் மருந்து க்ளோசபின். அது பலருடைய வாழ்வை மீட்டுத் தந்திருக்கிறது. 1975ஆம் ஆண்டு பின்லாந்தில் அம்மருந்தை உட்கொண்டவர்களுள் சிலருக்கு இரத்த வெள்ளணுக்கள் கடுமையாகக் குறைந்து, 8 பேர் இறந்தனர். அதனால் பல நாடுகளில் அது விலக்கப்பட்டது. பின்னர் அதன் தனிச் சிறப்பு நிறுவப்பட்டு, இரத்தப் பரிசோதனை கட்டாயம் என்ற நிபந்தனையோடு திரும்பி வந்தது. க்ளோசபின் உட்கொள்ளும் குடும்பங்கள் யாவும் இந்த இரத்தப் பரிசோதனையை நன்கு அறிந்திருக்கின்றன. தேதி தவறாமல் வருகின்றன.

குடலுக்கு அத்தகைய விழிப்பு இன்னும் வரவில்லை. 2008ஆம் ஆண்டு நியூசிலாந்து மருத்துவர்கள், க்ளோசபினால் குடல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 102 நிகழ்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். அவர்களுள் நான்கில் ஒருவருக்கும் மேல் இறந்திருந்தனர். 2016இல் அதே நாட்டில் வெளியான மற்றோர் ஆய்வு, உணவுக் கழிவு பெருங்குடலைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்தது. மற்ற மனநோய் மருந்துகளை உட்கொண்டோருக்கு நடுத்தர அளவு 23 மணி நேரம். க்ளோசபின் உட்கொண்டோருக்கு 104 மணி நேரத்துக்கும் மேல். அதாவது ஒரு நாளில் முடிய வேண்டிய பயணம் நான்கு நாள்களுக்கு மேல் இழுத்திருக்கிறது. 2020 ஜனவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இம்மருந்தின் மலச்சிக்கல் எச்சரிக்கையை மேலும் வலுப்படுத்தியது.

அந்த ஆய்வு காட்டிய இன்னொரு செய்தியே எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. குடல் மெதுவாகியிருந்த பலர், தமக்கு மலச்சிக்கல் இருப்பதாகச் சொல்லவே இல்லை. இதற்குக் கூச்சம் மட்டும் காரணம் அன்று. மனச்சிதைவு உள்ளோருள் சிலருக்கு உடல் வலியை உணர்வதும் அதை எடுத்துச் சொல்வதும் குறைவாக இருக்கும். மேலும் குளோர்புரோமசின் போன்ற மருந்துகளுக்கு வாந்தியை அடக்கும் தன்மையும் உண்டு. குடல் அடைப்பின் எச்சரிக்கைக் குறியான வாந்தியே அதனால் மறைந்துபோகலாம். ஆகவே "அவன் ஒன்றும் சொல்லவில்லையே" என்று வீட்டார் நிம்மதி கொள்வது போதாது. சொல்லாதவரையும் கேட்க வேண்டும். கேட்டதைக் குறித்துவைக்க வேண்டும்.

நம் கரையின் வெயிலும் வேலையும்

தூத்துக்குடியில் வாழ்வோருக்கு இச்சிக்கல் இன்னும் நெருக்கமானது. உப்பளங்களில் வேலை செய்வோர் வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயிலில் நாள் முழுதும் நிற்கிறார்கள். அங்கே கழிப்பிடம் அருகில் இல்லாததால் பெண்கள் பலர் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். மீன்பிடிக்கச் செல்வோர் விடியுமுன் கடலில் இறங்கினால் கரை திரும்பும் வரை உந்துதலை அடக்கிக்கொள்கிறார்கள். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குவோருக்கு முறை மாறி மாறி வருவதால் உணவு நேரமும் உறக்க நேரமும் மாறுகின்றன. குடலை இறுக்குவதற்கு இவையே போதும். குடலை மெதுவாக்கும் மருந்தும் சேர்ந்தால் சுமை இருமடங்காகிறது. வியர்வையைக் குறைக்கும் மருந்தை உட்கொள்வோருக்குக் கோடை வெயிலில் உடல் வெப்பம் மிகும் ஆபத்தும் உண்டு.

ஆதலால் "நிறையத் தண்ணீர் குடியுங்கள், கீரை சாப்பிடுங்கள்" என்ற அறிவுரையோடு மருத்துவமனை நின்றுவிடக் கூடாது என்று கருதுகிறோம். என்ன வேலை செய்கிறார், எத்தனை மணிக்குப் புறப்படுகிறார், வேலையிடத்தில் கழிப்பிடம் உண்டா, வீட்டில் உண்டா என்று கேட்டறிந்த பிறகே அறிவுரை பயன்படும். காலை உணவு உண்ட பின் குடல் தானே அசையும் இயல்புடையது; வேலைக்குப் புறப்படுமுன் ஏதேனும் உண்டு, அவசரமின்றிக் கால்மணி நேரம் கழிப்பறையில் செலவிட இடமளிப்பது பெரிய உதவி. அதற்காக ஒருவரை அரைமணி முன்னதாக எழுப்பிவிடுவதும் பராமரிப்பின் ஒரு பகுதியே.

உணவைப் பொறுத்தவரை நமக்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. கம்பங்கூழ், கேப்பைக்கூழ், முருங்கைக்கீரை, கொய்யா, தைமாதத்தில் கிடைக்கும் பனங்கிழங்கு ஆகிய அனைத்திலும் நார்ச்சத்து நிறைந்திருக்கிறது. சர்க்கரை நோயும் உள்ளவர்கள் கருப்பட்டியையும் பதநீரையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம்: மருந்தால் அசைவிழந்த குடலுக்கு நார்ச்சத்து மட்டும் போதாது. போதிய தண்ணீர் இன்றி நாரை மட்டும் கூட்டினால் அடைப்பு மிகவும் கூடும். இசப்கோல் போன்ற, நீரை உறிஞ்சிப் பருக்கும் பொடிகளைக் க்ளோசபின் உட்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் வாங்கிப் பயன்படுத்தக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே.

கைவைத்தியமும் அதன் எல்லையும்

நம் வீடுகளில் வயிற்றுக்கான மருந்துக்குக் குறைவில்லை. விளக்கெண்ணெய் உண்டு, கடையில் விற்கும் பேதி மாத்திரை உண்டு, நிலாவாரை உண்டு. நிலாவாரையைப் பற்றி ஒரு சிறப்புச் செய்தி. உலக மருந்துச் சந்தையில் அதற்குத் 'திருநெல்வேலி சென்னா' என்றே பெயர். நம் மாவட்டத்திலும் அண்டை மாவட்டங்களிலும் வறண்ட நிலத்தில் விளைந்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறிச் செல்கிறது. மேலே சொன்ன நியூசிலாந்து நாட்டில், பொரிருவா என்னும் ஊரின் மருத்துவமனையில், க்ளோசபின் உட்கொள்வோருக்கென ஒரு மலமிளக்கி முறையை வகுத்தார்கள். அதில் டோகுசேட் என்னும் மருந்தோடு சேர்த்துத் தரப்படுவது சென்னாதான். போதாதபோது மேக்ரோகால் சேர்க்கப்படுகிறது. மலச்சிக்கலை மருந்தால் சரிசெய்ய முடியும் என்பதை அம்முறை காட்டியது.

நம் மண்ணில் விளைவது என்பதால் அதை நாமே அளந்து கொடுத்துக்கொள்ளலாம் என்று பொருளாகாது. அங்கே பயன் தந்தது மூலிகை மட்டும் அன்று. நாள்தோறும் குறித்த அளவில் கொடுத்து, குடல் அசைகிறதா என்று தொடர்ந்து பார்த்த ஒழுங்கும் ஆகும். ஒரு வாரம் அடைத்துக் கிடந்த வயிற்றுக்கு ஒரே நாளில் பேதிக்குக் கொடுப்பது ஆபத்தானது. குடல் முற்றிலும் அடைபட்டிருந்தால் அத்தகைய மருந்து கேடு விளைவிக்கும். லித்தியம் உட்கொள்பவருக்குக் கடும் வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் உடலில் நீரும் உப்பும் குறைந்து, இரத்தத்தில் லித்தியம் நச்சு அளவுக்கு ஏறக்கூடும். வயிறு உப்பினாலே 'கேஸ்' என்று கருதி, மருந்துக்கடையில் அமிலத்தைத் தணிக்கும் மாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. அவற்றுள் அலுமினியம் கலந்தவை மலச்சிக்கலை மேலும் கூட்டும். எனவே வீட்டில் எதைக் கொடுத்தாலும் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கைவைத்தியம் செய்ததற்காக எவரும் கடிந்துகொள்ளப்பட மாட்டார்கள்.

"சொன்னால் பயந்துவிடுவார்கள்"

பக்கவிளைவுகளை இவ்வளவு விரிவாகச் சொன்னால் நோயாளர் பயந்து மருந்தையே நிறுத்திவிடுவார் என்று எண்ணுவோர் உண்டு. குடும்பத்தார் சிலரும் "அவளுக்கு முன்னால் இதைச் சொல்லாதீர்கள்" என்று தனியே கேட்டுக்கொள்கிறார்கள். அவர்களுடைய அச்சம் எங்களுக்குப் புரிகிறது. நோய் திரும்பிய நாள்களின் துன்பத்தை நேரில் பட்டவர்கள் அவர்கள். ஆயினும் இக்கருத்தை நாங்கள் ஏற்கவில்லை. வயிறு இறுகும் என்று முன்பே அறிந்தவர், அது நேரும்போது "மருத்துவர் சொன்னதுதான், இதற்கு மருந்து உண்டு" என்று அமைதி அடைவார். அறியாதவருக்கோ அதுவே மருந்தின்மீது சந்தேகம் வளரக் காரணமாகும். தம்மை எவரோ நஞ்சூட்டுகிறார்கள் என்ற எண்ணமே நோயாக உள்ள ஒருவருக்கு, மாத்திரை உட்கொண்ட பின் வயிறு வலித்தால் என்ன தோன்றும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தமக்குத் தரப்படும் சிகிச்சையையும் அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகளையும் தெரிந்துகொள்ளும் உரிமையை நோயாளருக்கு வழங்குகிறது. இது மருத்துவமனை காட்டும் சலுகை அன்று. எனவே நீங்கள் கேட்கத் தயங்க வேண்டாம்.

சிகிச்சை அறுபடும்போது என்ன நேரும் என்பதை இந்தக் கடற்கரை அறியும். நம்மைப் போலவே மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பியோட இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுசேர்த்த குடும்பங்கள் அன்பற்றவை என்று எவரும் சொல்ல முடியாது. வேறு வழி தெரியாமலே பலர் அங்கே சென்றார்கள். இன்று மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதைச் சட்டம் தடைசெய்கிறது. அரசு மருத்துவமனைகளில் மாத்திரைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அந்த வழி மறுபடியும் அடைபடாதிருக்க வேண்டுமானால், மருந்தோடு ஒருவர் பல ஆண்டுகள் வாழ முடிய வேண்டும். வயிறு வாட்டும்போது கேட்பார் இல்லாத ஒருவரால் அது எப்படி முடியும்?

வீட்டில் செய்யத்தக்கவை

எங்கள் வேண்டுகோள் எளியது. சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில், மலம் கழிந்த நாளில் ஒரு சிறு குறி இடுங்கள். இயன்றவரை நோயாளரே இடட்டும். இயலாதபோது வீட்டார் கேட்டு இடலாம். வேறெவருக்கும் அதன் பொருள் தெரிய வேண்டியதில்லை. அடுத்த வருகையில் அந்தத் தாளைக் கொண்டுவாருங்கள். பேசக் கூசுவோர் தாளை நீட்டினாலே போதும். பெண் செவிலியரிடம் தனியே சொல்ல விரும்பினால் அதையும் கேட்டுப் பெறலாம். க்ளோசபின் தொடங்கும்போதே மலமிளக்கியும் தேவையா என்று கேளுங்கள். பீடி, சிகரெட் பழக்கத்தை விடுவது நல்லதே. ஆனால் அவற்றைத் திடீரென நிறுத்தினால் இரத்தத்தில் க்ளோசபினின் அளவு ஏறும், அதனால் மலச்சிக்கலும் மிகலாம். ஆகவே விடுவதற்கு முன் தெரிவியுங்கள்.

மூன்று நாள் தொடர்ந்து குறி இல்லையென்றால், வலி இல்லாவிட்டாலும், அடுத்த மருந்து நாள் வரை காத்திராமல் வாருங்கள். வயிறு கல்லாக இறுகி உப்புதல், கடும் வலி, வாந்தி, வாயு கூடப் பிரியாமை, பல நாள் அடைப்புக்குப் பின் நீர்போல் மலம் கசிதல், காய்ச்சலோடு சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அது அவசர நிலை. நீர்போல் கசிவதைப் பேதி என்று எண்ணி, அதை நிறுத்தும் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். நள்ளிரவானாலும் 108ஐ அழைத்து மருத்துவமனைக்கு வாருங்கள். மருந்துச்சீட்டை மறவாமல் எடுத்து வந்து, எந்த மாத்திரை உட்கொள்கிறார் என்பதை அவசரப் பிரிவில் முதலிலேயே சொல்லுங்கள்.

இத்தகைய அவசரம் இல்லாத நேரங்களில் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். குறிப்பாகக் க்ளோசபினை இரண்டு நாளுக்கு மேல் விட்டுவிட்டால், பழைய அளவில் மறுபடி தொடங்கக் கூடாது. மருத்துவரே சிறிய அளவிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். நேரில் வர இயலாதபோது 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாக ஆலோசனை பெறலாம்; தமிழிலேயே பேசலாம்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடலடியில் இறங்கியவரின் கயிற்றை மேலே தோணியில் ஒருவர் பிடித்திருப்பார். உள்ளே இருப்பவரால் கூவி அழைக்க முடியாது; கயிறு அசைவதைக் கொண்டே மேலே இருப்பவர் அறிந்துகொள்ள வேண்டும். பராமரிப்போரின் வேலையும் அத்தகையதே. நோயாளர் வாய்விட்டுச் சொல்லாததைக் காலண்டரில் விழாத ஒரு குறி சொல்லிவிடும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும். அவர் வந்து சொல்லும்போது காதுகொடுத்துக் கேட்கும் ஒருவர் ஒவ்வொரு மருத்துவமனையிலும் வேண்டும்.